அரை நரி

“இந்தச் சிவப்பு உனக்கு எங்க கிடைச்சுது?” என்று ஓவியக்காரி ஒருமுறை கேட்டபோது, வண்ணம் அரைத்து விற்கும் சின்னவள் மழுப்பிவிட்டாள். குப்பையில் பொறுக்கினேன் என்று எந்த வாயால் சொல்வது? தொழில் ரகசியம்போல் ஒரு சிரிப்புச் சிரித்து, வண்ணக்கட்டியைக் காகிதத்தில் பொதிந்து கொடுத்தாள்.

அதே ஓவியக்காரி இப்போது பாதி நரியோடு வந்து நின்றாள். குழந்தைகள் புத்தகத்துக்கு வரையும் படம். தலையும் முன்கால்களும் தகதகத்தன. இடுப்புக்குப் பின்னால் வெறும் பென்சில் கோடு. வண்ணம் தீர்ந்துவிட்டதாம். சனிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்காவிட்டால் புத்தகம் வேறு கைக்குப் போய்விடும். சின்னவளின் கைவண்ணத்தை நம்பி வந்த முதல் ஆள் அவள்தான். நரியைச் சுவரில் குத்திவிட்டு, “வாலையாவது காப்பாத்திக் குடு, தாயே” என்று சொல்லிப் போனாள்.

அலமாரியில் அரிய சரக்குக்குக் குறைவில்லை. மலையில் வெட்டிய நீலக்கல், பூச்சியை உலர்த்திப் பொடித்த கருஞ்சிவப்பு, எல்லாம் சொல்லியனுப்பினால் கடல் தாண்டி வந்துவிடும். வராதது ஒன்றுதான்: அடுத்த கட்டடத்தில் அண்ணன் நடத்தும் ரொட்டிக்கடையின் அடுப்புச் செங்கல். போன வருஷம் விரிசல் விட்ட ஒரு கல்லை அவன் பெயர்த்து எறிந்தான். காலகாலமாகத் தீயில் வெந்த கல். அதை இடித்துச் சலித்து, நீரில் கரைத்து வடித்து, படிந்த வண்டலோடு கோந்தும் தேனும் சேர்த்துக் கண்ணாடிப் பலகையில் அரைத்தபோதுதான் அந்தச் சிவப்பு பிறந்தது.

அண்ணனிடம் கேட்கலாமென்றால் அவன் பேசியே மாதக்கணக்காகிறது. ஒரு நாள் காலை, கடையில் கூட்டம் நிற்கும்போது, உன் ரொட்டியை வைத்தே நான் கல்லை அரைத்துவிடுவேன் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். கூட்டமே சிரித்தது. அன்றிலிருந்து அவளைக் கண்டால் அண்ணனுக்கு வானத்தில் ஏதோ அவசர வேலை வந்துவிடும்.

முதலில் ரோஷத்தைக் காப்பாற்றப் பார்த்தாள். புதுச் செங்கல்லை அரைத்தாள். தக்காளிச் சாறு மாதிரி வந்தது. உடைந்த பூந்தொட்டியை அரைத்தாள். நரிக்குக் காமாலை கண்டதுபோல் இருந்தது. வேறு வழியில்லாமல் கடையின் பின்வாசலில் அண்ணியைப் பிடித்தாள். அடுப்பில் அதே வயதுக் கற்கள் இன்னும் இருக்கின்றன, ஆனால் ஒன்றைப் பெயர்க்க அடுப்பை அணைத்து ஆறவிட்டு, ஒரு நாள் கடையை மூட வேண்டும் என்றாள் அண்ணி, மாவைப் பிசைந்தபடியே.

“நீங்க சொன்னா கேப்பாரு, அண்ணி.”

“நான் சொன்னா அவரு மாவுக்கு உப்புகூடப் போட மாட்டாரு. வாய் உன்னோடது. நீயே போ.”

முன்கடையில் வரிசை நின்றது. அவனை வாரிவிட்டது வரிசைக்கு முன்னால்தானே; இதுவும் அங்கேயே நடக்கட்டும் என்று போய் நின்றாள்.

“அண்ணா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உன் ரொட்டி பஞ்சு மாதிரிதான் இருக்கு. இப்ப எனக்கு உன் அடுப்புலேருந்து ஒரே ஒரு கல்லு வேணும்.”

“ரொட்டி போதாதுன்னு கல்லையும் திங்கப் போறியா?” என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் நிமிராமல் அடுத்த ஆளுக்கு ரொட்டி எடுத்துக் கொடுத்தான். சின்னவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் தெருவில் ரொட்டி வாசனையே இல்லை. இழுத்து மூடிய கதவுக்கு முன்னால் நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள். மதியம் அண்ணன் வந்தான். முழங்கை வரை கரி. சாக்கில் சுற்றிய கல்லை மேஜையில் வைத்தான். இன்னும் கதகதவென்று இருந்தது.

அவள் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, உதிர்ந்த பொடியை ஈரவிரலால் தொட்டு, நரியின் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டில் தீற்றினாள். எது பழையது, எது புதியது என்று சொல்ல முடியவில்லை.

அண்ணன் குனிந்து தீற்றலைப் பார்த்தான், நரியைப் பார்த்தான், தன் கரிக்கையைப் பார்த்தான். உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. அது வெளியே வருவதற்குள் கடித்து உள்ளே தள்ளிவிட்டு, இத்தனை மாதம் காத்த கோபத்துக்குக் கடைசி மரியாதை செய்வதுபோல், ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனான்.