கொபானாவில் இறங்க வேண்டியவர்கள்

அந்த ஊரில் ஆள் ஏற்றி ஓடும் வேன்களில் மணி கிடையாது. இறங்க வேண்டிய இடம் வருவதற்கு முன் அதன் பெயரை உரக்கக் கத்த வேண்டும். பாட்டுச் சத்தத்தையும் மீறி ஓட்டுநர் காதில் விழுந்தால் நிறுத்துவான். மலாவி நாட்டிலிருந்து பிழைக்க வந்த அட்டுபேலே இத்தனை நாளும் அடுத்தவர் வாயை நம்பித்தான் காலம் தள்ளினாள்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தின் பெயர் கொபானா. எழுதினால் அவ்வளவுதான். சொல்லும்போது முதல் எழுத்தில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பட்டென்று சொடுக்க வேண்டும். இந்த ஊர்க் கைக்குழந்தைக்குக்கூட அது வரும். அவள் கணவன் லிம்பானிக்கு வரவில்லை. போன வாரம் தெருமுனையில், வெளிநாட்டுக்காரர்களைத் தேடி அடிக்கும் ஒரு கும்பல் அவனை மறித்து, "எங்க, கொபானான்னு சொல்லு பாக்கலாம்" என்றது. சொன்னான். மண்டையை உடைத்துவிட்டார்கள். பாழாய்ப்போன ஒரு சத்தத்துக்காக!

நாளை விடியற்காலையில் அவனுக்குத் தலையில் ஆபரேஷன். பிழைப்பானா என்று டாக்டரே சொல்லவில்லை. இன்று நாலு மணிக்குள் போனால் முகத்தைப் பார்க்கலாம்.

வேனில் மிஞ்சியது அவளும், முன் இருக்கையில் தலைத்துணி கட்டிய ஒரு பெண்ணும்தான். அந்தப் பெண்ணின் மடியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் கஞ்சித் தூக்கு இருந்தது. அவள் கத்துவாள் என்று அட்டுபேலே நிம்மதியாக இருந்தாள்.

ஆஸ்பத்திரிச் சுவர் வந்தது. அந்தப் பெண் கத்தவில்லை. அட்டுபேலே வாயைத் திறந்தாள். நாக்கு கட்டைபோல் கிடந்தது. சுவர் பின்னால் போய்விட்டது.

கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தான். "என்னம்மா, ரெண்டு பேரும் என் வீட்டுக்கே விருந்துக்கு வர்றீங்களா?"

இறங்கிய அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்து, "மாயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அட்டுபேலேயின் ஊர்ப் புலம்பல் அது.

"அக்கா... நீங்களும் நம்மூரா?"

"அடிப் பாவி! உன்னை இந்த ஊர்க்காரின்னு நெனச்சு பயந்து உக்காந்திருந்தேனே. நீ சொல்வேன்னு பாத்தேன்."

"நீங்க சொல்வீங்கன்னு நான் பாத்தேன்க்கா."

இருவரும் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்கள். எதிரில் ஆள் வந்தபோதெல்லாம் பேச்சை நிறுத்தி, யாரோபோல் விலகி நடந்தார்கள்.

காவலாளி வாசற்கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான். "நேரம் முடிஞ்சுது. நாளைக்கு வாங்க."

கெஞ்சுவதற்கும் வாயைத் திறக்க வேண்டும். இருவரும் தலையாட்டிவிட்டு நின்றார்கள்.