செட்டப்புக்கு வர்றவர்

ஸ்டாண்டின் இரண்டு கால்களும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை. அப்பா மேடைப் பலகையில் மண்டியிட்டு இடது பக்கத் திருகைத் தளர்த்தினார். ஒரு பல் மேலே ஏற்றி மறுபடி இறுக்கினார். பிறகு எழுந்து, சிந்தசைசரின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, மூச்சை அடக்கி, ஸ்டாண்டின் மேல் வைத்தார். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதன் மேலேயே இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

அது ஒரு ஓட்டலின் மாடி ஹால். ஏதோ கம்பெனியின் ஆண்டுவிழா. பிற்பகல் வெயில் திரைச்சீலை இடுக்கு வழியாக வந்து காலி நாற்காலிகளின் மேல் விழுந்திருந்தது. பாடகர் மைக்கில் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கருவியை வாசிக்கப் போகிற அவள் ஒன்றும் செய்யாமல் நின்றாள். செய்ய வேண்டியதை எல்லாம் அப்பாவே செய்வார்.

பிளாஸ்டிக் கூடையிலிருந்து வயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒவ்வொரு முனையிலும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைச் சுற்றி, அதன் மேல் பேனாவால் எழுதியிருந்தார். இடது. வலது. பெடல். கரண்ட். அந்தப் பிளாஸ்திரிகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும். இந்தக் குழுவில் எல்லோரிடமும் கறுப்பு வயர், கறுப்பு உறை, கறுப்புச் சட்டை.

"மேடம், பேரு வர்ற வரைக்கும் பெடல்ல கால் வைக்காதீங்க" என்றார் அப்பா, சுவிட்சைப் போடும் முன்னால்.

மின்சாரம் ஏறியதும் அந்தச் சின்னத் திரையில் கருவியின் பெயர் மின்னி மறையும். அதற்குள் பெடலை மிதித்துவிட்டால் கருவி தலைகீழாகப் புரிந்துகொள்ளும். காலை எடுத்தால் நாதம் நீளும், காலை வைத்தால் அறுந்துபோகும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். இருந்தும் பாடகர் ஏதோ கேட்க, அவள் திரும்பிப் பதில் சொன்னபோது கால் பெடலின் மேல்தான் இருந்தது. காலை எடுத்து முதல் கட்டையை அமுக்கியதும் சத்தம் நிற்காமல் ஹால் முழுக்க ஊதியது.

"என்ன பெரிசு, மில்லுல ஷிப்ட் முடிஞ்சிருச்சா?" என்றார் டிரம்மர். எல்லோரும் சிரித்தார்கள்.

"என் தப்புதாங்க. இதோ சரி பண்ணிடறேன்."

அப்பா கருவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். பெயர் வந்தது. பாட்டு வரிசைப்படியே ஒலிகளையும் அடுக்கி வைத்திருந்தார். ஒரு பொத்தானை அமுக்கினால் அடுத்த ஒலி. பியானோ, வயலின் கூட்டம், இடது கைக்கு பேஸ் வலது கைக்குப் புல்லாங்குழல். ஒவ்வொன்றுக்கும் ஒற்றை விரலால் ஒரே கட்டையைத் தட்டிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. குடிநீர் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கருவியோடு வந்த கையேட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் படித்து, தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டது இவ்வளவும். ஒருமுறை மாற்றியதைச் சேமிக்காமல் அணைத்துவிட்டு, கல்யாண வீட்டில் புல்லாங்குழலுக்குப் பதில் நாய் குரைப்பை வரவைத்தவரும் அவர்தான்.

"கடைசிப் பாட்டுல இந்தத் திருகு இருக்குல்ல" என்று ஓரத்தில் இருந்த குமிழைக் காட்டினார். "சட்டுனு திருப்பாதீங்க. யாரோ தூங்கற ரூம் கதவத் தொறக்கற மாதிரி. மெதுவா."

"தெரியும்."

சட்டைக் கையால் கழுத்தைத் துடைத்தார். "இங்க ஏசி போடலையா? எனக்குத்தான் இப்படி வேர்க்குதா? சரி மேடம், நான் கீழ வண்டிகிட்ட இருக்கேன்."

"சரி, போங்க" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டில் என்றால் 'போப்பா' என்றிருப்பாள்.

*

இந்தக் குழுவில் சேர்ந்த முதல் ஒத்திகையில் ஆரம்பித்தது இந்த 'மேடம்'. அதற்கு முன் வாசித்த இடங்களில் அவர் அவளுடைய அப்பா என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் பட்டது போதும் என்று இருந்தது அவளுக்கு. யாரும் கேட்காமலே மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொல்வார். சமையல்காரரிடம் போய், "எம் பொண்ணு காலைலேருந்து சாப்பிடல" என்பார். கண்ணாடியில் நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பேன்ட் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும்.

ஒத்திகை அறைக்குள் அவர் அந்தக் கூடையோடு நுழைந்து ஸ்டாண்டின் அடியில் தவழ்ந்தபோது, "இவரு?" என்று பாடகர் கேட்டார்.

"செட்டப்புக்கு வர்றவர்" என்றாள்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. கீழே அப்பாவின் கை, வயரைப் பிளக்கில் செருகப் போனது, அப்படியே நின்றது. பிறகு செருகியது. அவர் வெளியே வந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "சவுண்டு பாத்துக்கங்க, மேடம்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். பெடல் வயர் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி அவர் அந்த வேஷத்தை மெருகேற்றினார். மேடையில் நாற்காலி இருந்தாலும் உட்கார மாட்டார். டிரம்மர் கூப்பிட்டு டீ வாங்கிவரச் சொன்னால் வாங்கி வருவார், மீதிச் சில்லறையை மறக்காமல் கொடுப்பார். வீட்டிலும் சிலசமயம், "மேடம், காபி ஆறுது" என்று கூப்பிடுவார். அம்மா சிரிப்பாள். "பெரிய மேடம்தான், பாத்திரம் ஒண்ணு கழுவறதில்ல" என்பாள். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள்.

*

அன்று ஹால் நிரம்பிவிட்டது. மூன்றாவது பாட்டிலேயே கூட்டம் தாளம் போட ஆரம்பித்தது. விரல்கள் தாமாகவே போயின. இப்படி ஒரு நாள் அமைவது அபூர்வம்.

ஒரு பாட்டின் நடுவில் வாட்ச்மேன் மேடைப் படியில் ஏறுவதைப் பார்த்தாள். படிக்குப் பக்கத்தில் இருந்தது டிரம்ஸ். வாட்ச்மேன் குனிந்து டிரம்மரின் காதில் ஏதோ சொன்னார். டிரம்மர் அடிப்பதை நிறுத்தாமல் ஒன்றிரண்டு வார்த்தை பேசினார். பிறகு ஒரு குச்சியை வாசல் பக்கம் நீட்டி, அப்புறம் என்பதுபோல் ஆட்டினார். வாட்ச்மேன் ஒருகணம் தயங்கி, படியிறங்கி ஓடினார்.

அப்பா கீழே யாரிடமாவது வாயைக் கொடுத்திருப்பார் என்று நினைத்தாள். வண்டியை எடுத்துத் தள்ளி நிறுத்தச் சொல்லியிருப்பார்கள், அவர் மாட்டேன் என்றிருப்பார். எரிச்சலாக வந்தது. அடுத்த ஒலிக்குப் பொத்தானை அமுக்கினாள்.

கடைசிப் பாட்டில் குமிழை மெதுவாகத் திருப்பினாள். அடைத்துக் கிடந்த வயலின்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஹாலை நிறைத்தன. ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் சந்தோஷமாக இருந்தாள். பிற்பாடு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அதை மாற்ற முடியவில்லை. அந்த நேரத்தில் அவள் மிகவும் சந்தோஷமாக இருந்தாள்.

கைதட்டல் அடங்கியதும் டிரம்மர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"உங்க செட்டப் ஆளுக்குக் கீழ மயக்கமாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. பாவம், வயசாளி. அவரு வீட்டு நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அப்போதும் அவ்வளவுதான். கருவியை அணைக்காமல், பையை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். படியில் வைத்துத்தான் கைபேசியைப் பார்த்தாள். அம்மா, அம்மா, அம்மா என்று திரை முழுக்க.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் கண்ணாடி, நூலோடு. பக்கத்து நாற்காலியில் அவருடைய செருப்பு. யாரோ அதை ஜோடியாக, ஒழுங்காக வைத்திருந்தார்கள்.

"போயிட்டாருடி" என்றாள் அம்மா. "நான் ஆட்டோ புடிச்சு வர்றதுக்குள்ள போயிட்டாரு. அவரு ஃபோன்ல வீடுன்னு இருந்துச்சாம், அதப் பாத்துட்டு வாட்ச்மேன்தான் கூப்பிட்டாரு. நீ எங்கடி இருந்த?"

"ஃபோன் பைல இருந்துச்சும்மா."

"ஃபோன் கெடக்கட்டும். நீ வாசிச்ச எடத்துக்குக் கீழதானே விழுந்தாரு? ஒருத்தனுக்குக்கூட உன்னக் கூப்பிடணும்னு தோணலையா? வாட்ச்மேன் மேல வந்து சொல்லியிருக்காரு. டிரம்ஸ் அடிக்கிறவன் குச்சிய ஆட்டி, முடிஞ்சதும் வரோம், நீங்க கூட்டிட்டுப் போங்கன்னுட்டானாம். அப்பன் கீழ கெடக்கிறான், மக மேல இருக்கா. என்ன மனுசங்கடி அவங்க?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

அம்மா கண்ணாடியின் நூலை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

*

மறுநாள் காலை வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அப்பாவை முன்னறைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். பேன்ட்டை அவர் போடுகிற உயரத்துக்கே ஏற்றிவிடும்படி அம்மா சொல்லியிருந்தாள். பழைய அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேர் சுவரோரம் நின்று, அவர் ஒருமுறை மேலதிகாரியின் வீட்டுக் குழாயையே அடைத்துவிட்ட கதையைத் தாழ்ந்த குரலில் பேசி, சிரிப்பு வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

டிரம்மர் வந்தபோது தோளில் சிந்தசைசர் இருந்தது, கையில் பிளாஸ்டிக் கூடை. மேடையில் விட்டுவந்ததைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறார். நாற்காலிகளைப் பார்த்ததும் கேட்டருகிலேயே தயங்கினார். அவளைப் பார்த்தார்.

"என்னங்க, யாருக்கு என்ன? நேத்து எத்தன தடவ கூப்பிட்டேன், எடுக்கவே இல்ல. அந்தப் பெரிசுக்கு எப்படி..."

அவர் பார்வை அவளைத் தாண்டி முன்னறைக்குள் போயிற்று. கட்டிலுக்குப் போயிற்று. அங்கிருந்து சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்துக்கு. கல்லூரிப் பட்டம் வாங்கிய அன்று எடுத்தது. அவள், அம்மா, நடுவில் அப்பா.

டிரம்மர் சிந்தசைசரைத் தோளிலிருந்து இறக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"யாரு வந்திருக்கிறது?" என்றாள் அம்மா உள்ளிருந்து.

"கீபோர்டக் கொண்டுவந்திருக்காங்கக்கா" என்றார் மாமா, அம்மாவின் தம்பி.

அம்மா எழுந்து வந்தாள். "நீங்கதான் டிரம்ஸா?"

"ஆமாம்மா."

"குச்சிய ஆட்டினது நீங்கதானா?"

அவர் சிந்தசைசரை வாசல் சுவரில் சாய்த்து வைத்தார்.

"எத்தன மாசமா உங்க கூட வந்தாரு. உங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுப்பேன்னு சொல்வாரு. நல்ல பசங்க, அந்த டிரம்ஸ் தம்பி தமாஷாப் பேசுவாருன்னு சொல்வாரு. அவரு யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

டிரம்மர் அம்மாவை விட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். தாளம் பிசகியவரை மேடையில் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். பிசகியது யார் என்று கூட்டத்துக்குத் தெரியாமல் எப்படி மூடுவது என்று யோசிக்கிற பார்வை.

"தெரியும்மா" என்றார். "பாட்டு நடுவுல நிறுத்த வேணாம்னு நெனச்சிட்டேன். தப்புதான்."

"தெரிஞ்சுமா?"

அவர் தலை குனிந்தார்.

"அம்மா" என்றாள் அவள். "அம்மா, நான்..."

அம்மா திரும்பி அவள் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நீ என்னடி பண்ணுவ? உன் கண்ணக் கட்டி மேல நிக்க வச்சுட்டாங்க. நீ அழாத." புடவையில் ஆஸ்பத்திரி மருந்து வாசனை இன்னும் இருந்தது. அவள் முகத்தை அங்கேயே வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

வண்டி வந்து வாசலில் நின்றது. தூக்குவதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். "தம்பி, ஒரு கை குடுங்க. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கூட வேல செஞ்சவன்" என்றார் டிரம்மர். கூடையை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டிலுக்கு வந்தார்.

"அந்த ஆளு வேணாம்" என்றாள் அம்மா.

குரலை உயர்த்தவில்லை. எல்லோருக்கும் கேட்டது. டிரம்மர் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். அலுவலகத்து ஆட்களில் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார். அவள் சொல்வதற்கு அப்போதும் நேரம் இருந்தது. அவர்கள் குனிந்து, பிடித்து, நிமிர்ந்து, நிலைப்படியைத் தாண்டும் வரைக்கும் நேரம் இருந்தது.

*

அவள் அந்தக் குழுவிலேயே வாசிக்கிறாள். ஸ்டாண்டையும் வயர்களையும் அவளே போட்டுக்கொள்கிறாள். நிகழ்ச்சி நாட்களில் குழுவின் வேனை டிரம்மர்தான் ஓட்டி வருவார்.

முதல் தடவை, தெருமுனையில் வேனின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தவரிடம், "அம்மாகிட்ட நான் சொல்லிடறேன்" என்றாள்.

"ஏறுங்க, நேரமாச்சு" என்றார் அவர்.

தெரு அகலமானது. வேன் வாசல் வரைக்கும் தாராளமாக வரலாம். ஹாரன் சத்தம் கேட்டதும் அம்மா சிந்தசைசரின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள். இருவருமாகப் படியிறக்கி, கேட் வரை கொண்டு வருவார்கள். அங்கே அம்மா தன் முனையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். மீதித் தூரம் அவள் தனியாகத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரில் ஒருமுறை சாய்த்து வைத்து, கை மாற்றிக்கொண்டு, மறுபடி தூக்க வேண்டும்.

வேன் இப்போதும் தெருமுனையில்தான் நிற்கிறது.