பழைய விபத்தின் பின்விளைவு

மறுப்புக் கடிதம் மின்னஞ்சலில் வந்தபோது ஜெயஸ்ரீ டிபன் பாக்ஸைத் திறந்து பாதிச் சப்பாத்திதான் சாப்பிட்டிருந்தாள். கீலாய்டு, கழுத்து, அழகு சிகிச்சை, பாலிசியில் இடமில்லை. ஆழ்வார்பேட்டையில் அந்த ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேஜையில் ஆறு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு இது புதிதல்ல. டாக்டர் எழுதும் நோய்க்குரிய குறியீட்டு எண்ணைப் படிவத்தில் போட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புவது அவள் வேலை. இந்தக் கேஸ் தாளில் டாக்டர் கருணாகரன் எழுதியிருந்தது ஒரே சொல்: கீலாய்டு. ஆறிய புண்ணின் மேல் சதை அடங்காமல் வளர்ந்துகொண்டே போகும் தழும்பு. அவளும் எல் 91.0 என்று போட்டு அனுப்பிவிட்டாள். வலிக்கிறதா, இழுக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கலாம். கேட்டால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். அன்று முப்பத்தெட்டு ஃபைல் வேறு இருந்தது. கேட்கவில்லை.

கை கழுவிவிட்டு வருவதற்குள் அவர்கள் வந்து நின்றிருந்தார்கள். பாலு, தி.நகரில் ஒரு ஜவுளிக் கடைக்கு வேன் ஓட்டுபவன். கடை ஊழியர்களுக்கான பாலிசி அவன் பேரில் இருந்தது. பக்கத்தில் அவன் மனைவி கயல், கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டிருந்தாள். இருவரும் கடற்கரையோர ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரர்கள்.

“இன்னா மேடம், இன்னிக்கு அட்மிசன்னீங்களே. லீவு போட்டுக்கினு வந்துகீறேன்.”

“ரிஜெக்ட் ஆயிருக்குங்க. அழகுக்காகப் பண்ற ஆபரேஷன்னு சொல்றாங்க.”

“அழகுக்கா? இவளுக்கா?” என்று பாலு சிரித்தான்.

கயல் அவனைப் பார்க்கத் திரும்பினாள். கழுத்து திரும்பவில்லை. தோள், இடுப்பு, கால் எல்லாமாகச் சேர்ந்து திரும்பின, பீரோவை நகர்த்தி வைப்பதுபோல. இந்தப் பெண்ணை ஒருமுறைகூடப் பார்க்காமலேதான் ஜெயஸ்ரீ எண்ணைப் போட்டிருக்கிறாள்.

அன்று மதியமே அவள் கருணாகரனின் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “எனக்கு நீ வைத்தியம் சொல்லித்தர்றியா?” என்றார். அவள் நகரவில்லை. சற்றுப் பொறுத்து அவர் கயலைக் கூப்பிட்டு, கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து பார்த்தார். பழைய தீக்காயத்தால் தோல் இறுகிவிட்டது, கழுத்தை இருபது டிகிரிக்கு மேல் திருப்ப முடியவில்லை என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். ஜெயஸ்ரீ புது எண்களைச் சேர்த்துத் திரும்ப அனுப்பினாள்.

இரண்டு நாளில் கம்பெனியிலிருந்து கேள்வி வந்தது. தீக்காயம் எப்படி ஏற்பட்டது? நோயாளி கையெழுத்திட்ட வாக்குமூலமும் புகைப்படமும் வேண்டும்.

“ஸ்டவ்வு வெட்ச்சிச்சு மேடம். ரெண்டு வர்சம் ஆவுது. எழுதிக்குங்க” என்றான் பாலு, கயல் வாயைத் திறப்பதற்குள்.

புகைப்படம் எடுக்க, கட்டுப் போடும் அறைக்குள் கயலை மட்டும் அழைத்துப்போனாள் ஜெயஸ்ரீ. துப்பட்டா விலகியது. முகத்திலோ மார்பிலோ ஒரு பொட்டுக் காயம் இல்லை. காதுக்குப் பின்னால் தொடங்கிய தழும்பு, பிடரியிலும் முதுகிலும் கிளை கிளையாக, செம்பழுப்பாக, மினுமினுவென்று இறங்கியிருந்தது. ஊற்றிய ஒன்று வழிந்து ஓடிய தடம்.

“ஸ்டவ் வெடிச்சா முன்னாடிதானேம்மா படும்?”

கயல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எண்ணெ” என்றாள். “நான் குந்திக்கினு மீனு கழுவிக்கினு இருந்தேன். சட்டியோட தூக்கி ஊத்தினாரு.”

வெளியே பாலு யாரிடமோ செல்லில் பேசிச் சிரிப்பது கேட்டது.

ஜெயஸ்ரீயின் பட்டியலில் அதற்கும் எண் இருந்தது. விபத்தின் பின்விளைவு ஒரு வரி. தாக்குதலின் பின்விளைவு அதற்கு நேர் கீழே. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “உண்மைய எழுதினா போலீஸ்ல போட்ட எஃப்.ஐ.ஆர். கேப்பாங்க. பாலிசி அவர் பேர்ல இருக்கு. இது தெரிஞ்சா அவர் கையெழுத்துப் போட மாட்டார். ஆனா பொய்ய எழுதிட்டா, அப்புறம் இது என்னிக்கும் விபத்துதான். நாளைக்கு நீ கேஸ் குடுத்தாலும் இந்தத் தாளை எடுத்துக் காட்டுவாங்க.”

“எத்த எழுதினா ஆபரேசன் நடக்குமோ அத்த எழுது மேடம்.”

“யோசிச்சுச் சொல்லு கயல்.”

“ரெண்டு வர்சமா யோசிச்சுக்கினுதான் கீறேன்.” அவள் துப்பட்டாவை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். “கழுத்து திரும்பணும் மேடம். பின்னால யாரு வராங்கன்னு தெரியணும்ல?”

ஜெயஸ்ரீ ஒரு சீட்டில் பெண்கள் உதவி எண்ணை எழுதி நீட்டினாள். கயல் அதை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “மன்சுல இருக்கட்டும். அவரு பையெல்லாம் நோண்டுவாரு.”

மேஜைக்குத் திரும்பி, மேல் வரியிலிருந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாள் ஜெயஸ்ரீ. வாக்குமூலத்தை அவளே எழுதினாள். ஸ்டவ், வெடித்தது, விபத்து. கயல் ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்திட்டாள். சாட்சி என்ற இடத்தில் கணவன் கையெழுத்து. மறுநாளே அனுமதி வந்தது. வேலையில் இவ்வளவு சீக்கிரம் அனுமதி வந்தால் வழக்கமாக அவள் பக்கத்து மேஜை ரூபீனாவிடம் சொல்லிச் சிரிப்பாள். அன்று அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருந்தார்கள். கீலாய்டு திரும்ப வளரலாம், ஆறு மாதம் கவனமாக இருக்க வேண்டும் என்றார் கருணாகரன். டிஸ்சார்ஜ் அன்று காகிதங்களை வாங்க பாலு தனியாக வந்தான். ஃபைலை வாங்கியவன் நகராமல் நின்றான்.

“ரொம்ப டாங்க்ஸ் மேடம்.” மேஜை மேல் ஒரு கையை ஊன்றிக் குனிந்தான். “அன்னிக்கு உள்ளார ரொம்ப நேரம் ஆச்சே. எதுனா சொன்னாளா?”

“இல்லியே. போட்டோ சரியா விழல, திரும்பத் திரும்ப எடுத்தோம்.”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு தலையாட்டிவிட்டுப் போனான். ஜெயஸ்ரீயின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன. அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

கீழே சிக்னலில் அவர்களின் பைக் நின்றிருந்தது. பாலு ஹெல்மெட் மாட்டியிருந்தான். பின்னால் கயல், கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். ஃபைலை இருவருக்கும் நடுவே நிறுத்தி மார்போடு பிடித்திருந்தாள். அவன் ஏதோ கேட்டான் போலிருக்கிறது. பச்சை விழுந்தது. பைக் குலுங்கிக் கிளம்பியபோது கயல் ஒரு கையை எடுத்தாள். அது அவன் தோளுக்கு மேல் ஒரு கணம் நின்றது; பிறகு கீழே இறங்கி, சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பற்றிக்கொண்டது.