புது ஆள்

காலையிலேயே பசை மேசையில் வேலை சூடுபிடித்துவிட்டது. காற்றுப் பட்டால் பசை காய்ந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜெயசித்ரா தோல் துண்டின் ஓரத்தில் பிரஷால் பசை தடவினாள், மடித்தாள், சின்னச் சுத்தியலால் தட்டினாள். அடுத்த துண்டு. மறுபடி தடவி, மடித்து, தட்டி. முதல் வாரம் அந்த நெடியில் தலை வலித்தது. இப்போது வீட்டில் குழம்பு கொதித்தாலும் வாசனை தெரிவதில்லை.

பெரம்பலூருக்கு வெளியே இருந்த அந்த ஷூ கம்பெனிக்கு அவள் புதியவள் அல்ல. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேப்பந்தட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து தையல் மிஷினில் உட்கார்ந்தவள். மாமியார் பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டாள். ஊட்டவும் துடைக்கவும் புரட்டிப் படுக்கவைக்கவும் வேறு ஆளில்லை. கணவன் வேல்முருகன் லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான்.

மாமியார் காலமான பிறகு திரும்பி வந்தாள். தையல் வரிசை முழுக்கக் கம்ப்யூட்டர் மிஷின்கள் நின்றன. தோலைச் சட்டத்தில் வைத்துப் பட்டனை அமுக்கினால் ஊசி தானே ஓடித் தைத்தது. புது ஆள் என்று சொல்லி, ஹெல்பர் சம்பளத்தில் பசை மேசைக்கு அனுப்பினார்கள். அவள் போய்ப் பிரஷை எடுத்துக்கொண்டாள்.

அன்று தையல் வரிசையில் ஒருத்தி வரவில்லை. மேனேஜர் மகேஷ் பசை மேசைக்கு வந்தார்.

"நீங்க முன்னாடி தையல்லதானம்மா இருந்தீங்க? அந்த மிஷின் சும்மா கெடக்கு. போய் உட்காருங்க."

"அது எனக்குத் தெரியாதுங்க சார்."

"பட்டன அமுக்கறதுதானே? சாயங்காலம் லோடு போகணும்."

அந்தக் காலி மிஷினுக்கு அடுத்ததில் இருந்த நந்தினி அங்கிருந்தே, "சொல்லிக் குடுக்காம எப்படி சார்?" என்றாள்.

"நீ ஒன் வேலையப் பாரு."

ஜெயசித்ரா உட்கார்ந்தாள். பட்டனை அமுக்கியதும் தோலின் ஒரு முனை லேசாகத் தூக்கியது. பழைய மிஷினில் பெடலிலிருந்து காலை எடுத்து ஊசியை நிறுத்திவிட்டு விரலால் அழுத்திவிடுவாள். கால் பெடலைத் தேடியது. பெடல் இல்லை. விரல் மட்டும் பழையபடி போனது. ஊசி நகத்தைத் துளைத்து இறங்கியது.

நந்தினி பாய்ந்து மிஷினை நிறுத்தினாள். ஜெயசித்ரா யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில், ஆஸ்பத்திரிக்குப் போன அவளுடைய இடம் காலியாக இருந்தது. பசை மேசையில் அவளோடு வேலை செய்யும் கொளஞ்சியின் பக்கத்தில் நந்தினி வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு முன் சீட்டும் பின் சீட்டும் பேச்சில் சேர்ந்துகொண்டன. குரும்பலூரில் இறங்குகிறவர்கள் இறங்கும்போது, "சரி, காலையில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

மறுநாள் காலை, விரலில் கட்டோடு ஜெயசித்ரா வேலைக்கு வந்தாள். மகேஷ் வாசலிலேயே நிறுத்தினார்.

"பழைய பழக்கம் இன்னும் போகலம்மா உங்களுக்கு. வூட்ல இருங்க. தேவைப்பட்டா கூப்பிடுறோம்."

"சரிங்க" என்று திரும்பினாள். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை.

"நில்லு ஜெயா" என்றாள் கொளஞ்சி. பிரஷைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "அவளுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தா?"

"மிஷின் வந்தப்பவே ட்ரெயினிங் குடுத்தோமே."

"அப்ப அவ மாமியாளுக்குப் பீத்துணி அலசிக்கிட்டு இருந்தா. நாங்க இங்கதான் இருந்தோம். பசை மேசைய விட்டு நகரக்கூடாதுன்னீங்க."

"காலம் மாறுதும்மா. யாருக்காகவும் மிஷின் காத்துக்கிட்டு இருக்காது."

நந்தினி எழுந்தாள். "எனக்கு அஞ்சு மாசம் சார். கம்பெனி கோட்டுக்குள்ள வயித்த மறைச்சுக்கிட்டு வரேன். பிரசவத்துக்குப் போயிட்டு வந்தா நானும் புது ஆள்தானே?"

நந்தினி தன் மிஷினை அணைத்தாள். அடுத்த மிஷின் நின்றது. அதற்கடுத்தது. யாரும் கோஷம் போடவில்லை. சத்தம் அடங்க அடங்க, தகரக் கூரையில் காக்கை நடப்பதுகூடக் கேட்டது.

"ஷிப்ட் நேரத்துலயே எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள் நந்தினி. "லீவுல போயிட்டு வந்தவங்களுக்குப் பழைய சம்பளம் குடுங்க. அக்கா கைக்குக் கம்பெனி பொறுப்பேத்துக்கணும். அதுவரைக்கும் ஓட்டமாட்டோம்."

"இந்த வேலைக்கு வெளிய எத்தன பேரு நிக்கிறாங்க தெரியுமா?"

"நிக்கட்டும் சார்" என்றாள் கொளஞ்சி. "அவங்களும் புள்ள பெறுவாங்க. அவங்க வூட்லயும் யாராச்சும் படுக்கையில விழுவாங்க."

முதலாளிக்குப் பேச, மகேஷ் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. வேலை போகலாம். நாளையிலிருந்து பஸ் வராமல் போகலாம். இருந்தும் ஒருத்தியும் மிஷினைத் தொடவில்லை.

நந்தினி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "வாங்கக்கா. கரண்ட் இல்லாமலே காட்டறேன். மொதல்ல கை எங்க இருக்கணும்னு பாருங்க."

ஜெயசித்ரா வந்து உட்கார்ந்தாள். பசை மேசைப் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். நந்தினி சட்டத்தைத் தூக்கிக் காட்டினாள், இறக்கிக் காட்டினாள்.

வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. முதலாளியின் கார் உள்ளே வந்தது. நந்தினி பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தாள்.

ஜெயசித்ரா மிஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.