தொங்கல்கள் ஒதுங்கும் பக்கம்

இரும்புத் தகடுகள் அடுக்கும் எங்கள் கொட்டகையின் கூரையில் அங்கங்கே வெளிச்சம் புகும் வெள்ளை ஓடுகளைப் பதித்திருக்கிறார்கள். மத்தியானத்தில் வெயில் அவற்றின் வழியாகப் பால் கலந்த தண்ணீர் போல இறங்கும். அதில் இரும்புத் தூசி மிதந்துகொண்டே இருக்கும், கீழே விழுவதாகவே தெரியாது. அந்த வெளிச்சத்தின் நடுவே, உயரத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்தபடி என் அக்கா மிதந்து போவாள்.

அவள் கிரேன் ஓட்டுகிறாள். கீழே நின்று அவளுக்குக் கை காட்டுபவர் அத்தான், அவளுடைய கணவர். வேலை நேரத்து இரைச்சலில் மேலே எதுவும் கேட்காது. அத்தானின் இரண்டு கைகள்தான் அவளுக்குப் பேச்சு. விரல் சுழன்றால் தூக்க வேண்டும், உள்ளங்கை கவிழ்ந்தால் இறக்க வேண்டும், கை விரிந்து நின்றால் எல்லாம் நிற்க வேண்டும்.

கொட்டகையின் அகலத்துக்குக் குறுக்கே கிரேனின் பாலம் கிடக்கிறது. அதன் அடியில் அக்காவின் பெட்டி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்வரும். பெட்டி போகிற இடத்துக்கெல்லாம் கரண்டும் கூடவே போயாக வேண்டும். அதற்காகக் கேபிளை ஒரு தண்டவாளத்தில் வளைவு வளைவாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கேபிள் தொடங்கும் முனையை விட்டுப் பெட்டி தள்ளிப் போனால் தொங்கல்கள் விரியும். கிட்டே வந்தால் ஜன்னல் திரையைத் தள்ளிவிட்டது போல ஒன்றோடொன்று ஒட்டி ஓரமாக ஒதுங்கும்.

அவை ஒதுங்கும் ஓரத்தில்தான் லாரி வாசல் இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு நாள், அந்தத் தொங்கல் கற்றை அக்காவின் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்ற நேரத்தில், அத்தான் கையை விரித்தார். அவள் பார்க்கவில்லை. கொக்கியில் தொங்கிய தகடு அசைந்து வந்து அவர் தோளை உரசிக்கொண்டு போனது. சட்டையோடு கொஞ்சம் தோலும் போயிற்று. கையளவு முன்னால் நின்றிருந்தால் தோளோடு போயிருக்காது.

அன்றிலிருந்து வாசல் பக்கத்துச் சுமையை அக்கா எடுப்பதில்லை. அடுத்த ஷிப்டுக்காரர் வரும்வரை லாரிகள் காத்துக் கிடந்தன. பழைய கேபிளும் தோலுரிந்து போயிருந்ததால், புது ஏற்பாடு ஒன்றைப் போட நிர்வாகம் முடிவெடுத்தது. கேள்விப்பட்டதும் அக்கா ஒன்றே ஒன்று சொன்னாள்.

"புதுசு வந்த பிறகும் அவர் கை எனக்குத் தெரியலேன்னா, இறங்கிடுவேன். அப்புறம் ஏற மாட்டேன்."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. ஏறாத அக்காவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

எந்த ஏற்பாடு நல்லது என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பராமரிப்பு அலுவலகத்தில் நான் வரைபடம் போடுகிறவள். சாயந்தரம் டிப்ளமோ வகுப்புக்குப் போகிறேன். எதைக் கேட்டாலும் "ஒருவேளை" என்றுதான் ஆரம்பிப்பேன் என்பதால், அங்கே எனக்கு அதுவே பெயராகிவிட்டது.

"ஒருவேளை வந்தாச்சு, இனிமே ஒரு நட்டு கூட நிம்மதியா முறுக்க முடியாது" என்பார் ஃபிட்டர். அவரை எல்லாரும் ஸ்பேனர் அண்ணன் என்பார்கள்.

மூன்று வழிகள் இருந்தன. கேபிளை ஒரு பெரிய உருளையில் சுற்றி வைத்து, பெட்டி போகப் போக அவிழ்த்து விடலாம். ஆனால் பாலத்தில் அவ்வளவு பெரிய உருளைக்கு இடமில்லை. பல்லிவால் மாதிரி மடங்கும் பிளாஸ்டிக் சங்கிலிக்குள் கேபிளைப் போட்டு ஒரு தட்டில் படுக்க வைக்கலாம். இல்லையென்றால் மறுபடியும் தொங்கல். நான் சங்கிலியின் பக்கம் சாய்ந்தேன். எதுவும் தொங்காது, எதுவும் மறைக்காது.

மேலாளர் என் காகிதத்தைத் திருப்பித் தந்தார். "தகட்டுலேருந்து செதில் உதிர்ந்து தூசியா மேலே பறக்குது. போய் அந்தத் தட்டுல ரொம்பிச்சுன்னா? சங்கிலி நறநறன்னு அரைச்சு ஒரு வருஷத்துல முறியும். தொங்கல்தான் சரி."

"ஒருவேளை அக்காவுக்கு மறைச்சா, சார்?"

"மறைக்கும்னு நீ சொல்றே. காட்டு."

அன்று சாயந்தரம் வகுப்பில் ஆசிரியர் பலகையில் கோடுகள் போட்டுக்கொண்டிருந்தார். அவை ஒவ்வொன்றாக வளைந்து தொங்கத் தொடங்கின. நான் அவற்றுக்கு நடுவே, ஈரத்துணி காயும் கொடிகளுக்கிடையே நடப்பது போல நடந்தேன். ஒவ்வொன்றாக விலக்கினேன். எங்கோ இரண்டு கைகள் அசைந்துகொண்டிருந்தன. என்ன சொல்கின்றன என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தபோது என் பேனா காகிதத்தில் வளைவுகளாக வரைந்து தள்ளியிருந்தது.

காட்டுவதற்கு ஒரு வழி யோசித்தேன். பாலத்தில் கம்பி கட்டி, வளையங்களில் தடித்த கயிற்றைத் தொங்கவிட்டு, ஒரு முனையைப் பாலத்தின் ஓரத்திலும் மறு முனையைப் பெட்டியிலும் கட்டினால், புதுத் தொங்கல் எப்படி நடந்துகொள்ளும் என்று அப்படியே தெரியும். பெட்டி வாசலுக்குப் போகும்போது கயிறு கூட்டமாகச் சேர்ந்து மறைக்கும். மேலாளர் தன் கண்ணாலேயே பார்ப்பார்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு நானும் ஸ்பேனர் அண்ணனும் பாலத்தின் நடைபாதையில் ஏறினோம். பழைய கேபிளைத் தண்டவாளத்திலிருந்து கழற்றி, அன்றைக்கு மட்டும் நடைபாதையின் மேலேயே இழுபடும்படி கிடத்தினோம். வரைபடத்தை நான் தடவைக்கு மேல் தடவை சரிபார்த்திருந்தேன். கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அண்ணே, அசையாத முனை வலது ஓரத்துல."

"வலதுதானே? அப்புறம் ஒருவேளைன்னு வரக் கூடாது."

"வலதுதான்."

சாப்பாட்டு நேரத்தில் கொட்டகை அடங்கியது. இரைச்சல் நின்றதும் வெளிச்சம் கூட மெதுவாகிவிட்டது போல இருந்தது. அத்தான் வாசலில், தன் வழக்கமான இடத்தில் போய் நின்றார். மேலாளர் ஒரு தம்ளர் டீயோடு தூணில் சாய்ந்துகொண்டார். கிரேனுக்கு மட்டும் கரண்டு கொடுத்தார்கள். சுமையில்லாத கொக்கியோடு அக்காவின் பெட்டி நகர ஆரம்பித்தது.

கயிறு மடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மடியவில்லை. பெட்டி வாசலை நெருங்க நெருங்க, ஒட்டிக் கிடந்த வளைவுகள் ஒவ்வொன்றாக விலகின. ஆழமாக இருந்தவை மேலேறின. மூச்சை உள்ளிழுப்பது போல முழுக் கயிறும் நீண்டு, அக்காவின் முதுகுக்குப் பின்னால் மெல்லிய அலையாகக் கிடந்தது. அவளுக்கு முன்னால் கண்ணாடி மட்டும். கண்ணாடிக்கு அப்பால் அத்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரைபடம் கொட்டகையை ஒரு பக்கத்திலிருந்து பார்த்துப் போட்டது. நடைபாதையில் நான் நின்றது மறுபக்கம் பார்த்து. என் வலது, வரைபடத்தின் இடது. வாசலில் கட்ட வேண்டிய முனையை, தகடு அடுக்கும் சுவரோரம் கட்ட வைத்துவிட்டேன். வகுப்பில் முதல் மாதத்தில் சொல்லித்தந்த பாடம்.

மேலாளர் டீயைக் குடிக்க மறந்து நின்றார். "ஏம்மா, தொங்கல் மறைக்கும்னு காட்டத்தானே இவ்வளவும்?"

"தப்பாக் கட்டிட்டேன், சார். இடம் வலம் மாறிப்போச்சு. இதோ அவிழ்த்து மாத்திக் கட்டிடறோம்."

"ஒருவேளைன்னு சொல்லாம விட்டது இந்த ஒரு தடவைதான்" என்றார் ஸ்பேனர் அண்ணன், ஏணியில் கால் வைத்தபடி.

மேலேயிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. அக்காவின் குரல். "யாரும் அதைத் தொடாதீங்க."

மேலாளர் வாசலோரம் இருக்கும் மின்பெட்டியைப் பார்த்தார், பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தார். மின்பெட்டி வாசலில் இருந்ததால் கேபிளையும் வாசலிலிருந்தே தொடங்கியிருந்தார்கள். கிரேன் வந்த நாளிலிருந்து அப்படித்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஏன் தொடங்கக் கூடாது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும்தான்.

"அப்ப கேபிள் சுவரைச் சுத்திப் போகணும்" என்றார் அவர்.

"ஆமா, சார்."

"கற்றை அங்க போய் மறைக்காதா?"

"அங்க ஆள் நிக்கறதில்ல, சார். தகட்டை அடுக்கும்போது எல்லாரும் தரையில போட்டிருக்கற கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். கற்றைக்கு வெளியே." ஒருவேளை என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "நான் சொன்ன சங்கிலி வேண்டாம். தொங்கலே போடலாம். தொடங்குற பக்கத்தை மட்டும் மாத்திடலாம்."

"நீயே எழுதிக் கொடு. நீ கேட்டதுக்கு எதிரா நீயேதான் எழுதணும்."

"எழுதறேன், சார்."

பெட்டி இன்னும் வாசலுக்கு நேரே நின்றது. அக்கா இறங்கி வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தின் மேல் கூரை வெளிச்சம் மெதுவாக ஊறியது. கீழே அத்தான், சுமையும் இல்லாமல் வேலையும் இல்லாமல், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார்.

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

"ஏங்க, சட்டையில மேல் பட்டன் போடல."

ஸ்பேனர் அண்ணன் ஏணியிலேயே சிரித்துவிட்டார். அத்தான் குனிந்து பார்த்து, பட்டனைத் தேடிப் போட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, தண்ணீரைத் தட்டிக் கொடுப்பது போல அசைத்தார்.

கொக்கி இறங்க ஆரம்பித்தது. அவசரமில்லாமல், தூசியின் ஊடாக, லாரி நிற்கும் இடத்தை நோக்கி வந்தது. அவர் இடுப்பளவுக்கு வந்ததும் கையை விரித்தார். அந்த நொடியே அது நின்றது.