வெண்ணெய் எடுக்காத மோர்

1.

இந்தக் கதை என் வயிற்றிலிருந்து தொடங்குகிறது. கௌரவமான வேறு தொடக்கம் தேடினேன், கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், திருவையாற்றில் இராஜாங்கம் வைத்தியர் வீட்டுக் கூடத்தில், பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கேட்டது. வயிற்றுக்காரர்களை அவர் பின்கட்டுக் கதவை ஒட்டி உட்காரவைப்பார். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. அவசரமாக எழுந்து ஓடித் திரும்பியவர்களுக்கிடையே வெட்கம் நிற்காது, எதையும் பேசலாம். சுக்கும் மாதுளை ஓடும் இடிபடும் அந்த வாசனை இன்றும் எங்கேயாவது வந்தால், நோய் இல்லாமல் அந்த பெஞ்சு மட்டும் திரும்பக் கிடைக்காதா என்றிருக்கிறது.

2.

முதல் வரிக்குச் செய்த முயற்சிகள்:

ஹலீமா தயிர் கடைந்துகொண்டிருந்தாள், ஜன்னலுக்கு வெளியே காவிரி

(அடித்துவிட்டேன். அய்யம்பேட்டையில் அவள் வீட்டு ஜன்னலில் தெரிவது எதிர்வீட்டுச் சுவர்.)

ஷார்ஜாவில் ஓர் அறை நிறைய ஆண்கள், அத்தனை பேருக்கும் ஒரே கழிப்பறை

(உண்மைதான். ஆனால் அது ஹலீமா பார்க்காத அறை.)

நேராகவே சொல்கிறேன். ஹலீமாவின் கணவர் அப்துல் ஜலீலுக்கு ஷார்ஜாவில் வேலை. காலை வரிசைக்குப் பயந்து அடக்கி, கிடைத்ததைத் தின்று, வருடக்கணக்கில், தின்றது செரிக்காமல் போகும் கிராணிக் கழிச்சல். இளைத்துப்போய் விடுப்பில் வந்தார். வந்தவரை விருந்துக்குக் கூப்பிட்டே சொந்தக்காரர்கள் இன்னும் கெடுத்தார்கள். பிரியாணியை மறுத்தால், வெளிநாட்டுச் சம்பாத்தியக்காரர் என்பதைக் குத்திக்காட்டி, "சபுராளிக்கு நம்ம வீட்டுச் சோறு இறங்கலையோ?" என்பார்கள். ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா போய்விடும். வயிறு சரியானதும் கிளம்புவதென்று ஜலீல் சொல்லியிருந்தார்.

3.

(அவசரமுள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம். எனக்குப் பிடித்தது இதுதான்.)

கிராணிக்கு வைத்தியர் கொடுத்தது மோர். பழைய அரிசிக் கஞ்சி, மாதுளை ஓட்டுச் சூரணம் எல்லாம் உண்டு. ஆனாலும் தலைமை மோருக்குத்தான். அதில் மூன்று படிநிலை. முதலில், வெண்ணெயை முழுக்க எடுத்த மோர். வயிற்றிலுள்ள நெருப்பு அணையும் நிலையில் இருக்கும்போது அதன் மேல் நெய்ப்பசை விழக்கூடாது. பசி எடுக்கத் தொடங்கியதும் பாதி வெண்ணெய் எடுத்தது. கடைசியில், எடுக்காமல் அப்படியே.* இந்த மூன்றாவது மோர் ஒத்துக்கொண்டால் உடம்பு தேறும், ஆள் பயணம் போகலாம்.

*குடிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாதா? சீரகமும் இந்துப்பும் தூக்கலாகப் போட்டால் சட்டென்று தெரியாது. வீட்டில் செய்து பார்த்தேன்.

4.

ஹலீமா அன்று தனியாக வந்திருந்தாள்.

"அவரு வரலையாம்மா?" என்றேன்.

"பள்ளிவாசலுக்குப் போயிருக்காருக்கா. நானே கேட்டுட்டு வர்றேன்னு வந்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "வெண்ணெய் எடுத்த மோரையே ரொம்ப நாள் குடுத்தா ஆளுக்கு ஏதும் ஆயிடுமா?"

"ஆகாது. உடம்புல சதை பிடிக்காது, அவ்வளவுதான். ஏன், மூணாவது மோர் ஆரம்பிக்கலையா?"

"ஆரம்பிச்சாச்சுன்னு அவருகிட்ட சொல்லியிருக்கேன்."

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சு. காலைல எந்திரிச்சதும் இந்த மனுஷன் பாட்டுப் பாடுவாருன்னு இப்பதான்க்கா தெரியுது. அதுவும் தப்புத் தப்பா."

(இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். ஹலீமாவை நல்லவளாகக் காட்டத் துடிக்கிறேனோ? கணவன் உடம்பு தேறாமல் பார்த்துக்கொள்கிற பெண். ஆனால் அந்த நோயைக் கஞ்சியும் மோருமாகக் குணப்படுத்தியவளும் அவள்தான். இரண்டையும் அப்படியே விடுகிறேன்.)

"எடுத்த வெண்ணெயை என்ன பண்றே?"

"உருக்கி ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஊத்திடுவேன். மூணாவது மோர்னு சொன்னப்புறம் மட்டும் ரெண்டு நெறஞ்சிடுச்சு. அங்கதான்க்கா மாட்டிக்கிட்டேன். நேத்து அதை எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு."

"ஐயையோ."

"மோர்ல வெண்ணெய் இருந்தா பாட்டில்ல நெய் ஏது? கணக்குல அவரு புலிக்கா."

"திட்டினாரா?"

"இல்லக்கா. மூடிய இறுக்கி எடுத்த எடத்துல வச்சாரு. அப்புறம் பரண்லேருந்து இன்னொரு காலி பாட்டிலை எடுத்து, வெந்நி ஊத்திக் கழுவி, கவுத்துக் காய வச்சாரு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "எதுக்குக்கா?"

5.

முதல் முடிவு: ஷார்ஜாவுக்குக் கொண்டுபோக. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பெட்டியில் நெய் இல்லாமல் போவதில்லை.

இரண்டாவது முடிவு: இன்னும் வெண்ணெய் எடு, நான் போகவில்லை என்பதற்கு

(ஹலீமாவுக்கு இதைச் சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.)

மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. எனக்குக் கேட்டது மட்டும் இருக்கிறது. வைத்தியர் அறையின் பாதிக் கதவுக்கு அந்தப் பக்கம் சூரணப் பொட்டலம் மடிக்கிற சத்தம். வைத்தியரின் குரல்.

"என்னம்மா, வெண்ணெயோட குடுத்தியா? ஒத்துக்கிச்சா? ஆளை அனுப்பிடலாமா?"

பொட்டலம் மடிக்கும் சத்தம் நின்றது. அதே நேரம் என் வயிறு என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டது, போனேன். திரும்பியபோது ஹலீமா போய்விட்டிருந்தாள், பெஞ்சு காலி.

கதவுக்கு இந்தப் பக்கம் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அய்யம்பேட்டையில் ஒரு பாட்டில் கவிழ்ந்தபடி காய்ந்துகொண்டிருக்கிறது. வைத்தியர் காத்திருக்கிறார். ஹலீமா சொல்லப்போவது