எதிர்ப்பலகை

விவாகரத்து முடிந்து இந்த ஏரிக்கரை ஊரில் தையல் கடை போட்டு எட்டு மாதம். அளவைத் தவிர என்னிடம் யாரும் எதுவும் பேசுவதில்லை. ஞாயிறுதோறும் வாடகைப் படகில் நானே துடுப்புப் போட்டுத் தனியாகப் போவேன். ஒற்றை ஆள் ஏறினால் படகு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும் என்று படகுக்காரர் எதிர்ப்பலகையில் ஒரு மணல்மூட்டையை வைத்துவிடுவார். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்ததும் கிட்டத்தட்ட அதுதான். இதுவாவது சாப்பாட்டில் குறை சொல்லாது.

போன வாரம் எதிர்ப்பலகை காலியாக இருந்தது.

"மூட்டை எங்கங்க?"

"சாக்கு கிழிஞ்சுபோச்சுங்க." தரையைப் பார்த்தார். "நான் வேணா உட்காரட்டுமா? கனம் சரியா இருக்கும்."

எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "சாக்கைக் குடுங்க, தைச்சுத் தரேன்" என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ஊசியில் நூல் கோத்த பிறகுதான் கவனித்தேன். அது கிழிசலே இல்லை. கத்தியால் நேராக அறுத்தது. தையல்காரியிடமா இந்த வேலை! வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வீட்டில் அப்படியொரு சத்தம் கேட்டதே இல்லை.

இன்று சாக்கை அப்படியே நீட்டினேன்.

"தைக்கலையா?"

"நூல் தீர்ந்துபோச்சு" என்றேன்.

இந்த ஊரில் நூல் விற்கிற ஒரே கடை என்னுடையது.